எழுநூறு மதிப்பு: ஜனாதிபதி வேட்பாளரைத் தீவிலிருந்து எடைபோடுவது

இந்த அத்தியாயத்தைப் புரட்டிவிட்டுப் பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் போய்விடலாம் என்று பலருக்குத் தோன்றும். ஜனாதிபதி தேர்தலுக்கு நம் வீட்டுக்கு பூத் சிலிப் வராது, விரலில் மை வைக்க மாட்டார்கள். நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே அங்கே வாக்காளர்கள். டெல்லிக்கும் புதுச்சேரிக்கும் சட்டமன்றம் இருப்பதால் 1992-ல் 70-வது திருத்தம் கொண்டுவந்து அவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தமான் நிகோபாரில் இருக்கும் நமக்குச் சட்டமன்றமும் இல்லை, மாநிலங்களவையில் ஓர் இடமும் இல்லை. டிக்லிப்பூரிலிருந்து கேம்ப்பெல் பே வரைக்கும் சேர்த்து ஒரே எம்.பி., ஒரே வாக்குச்சீட்டு.

ஆனாலும் ஜனாதிபதி யார் என்று சென்னைக்காரரைவிட, மதுரைக்காரரைவிட அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள் நாம்தான்.

நம் மேல் விழும் கையெழுத்து

தமிழ்நாட்டில் இருக்கும் உங்கள் மாமாவுக்கு ஒரு சட்டம் பிடிக்கவில்லை என்றால், அவருடைய எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் எழுந்து கத்தவாவது கத்துவார். தீவில் அந்தப் படியே கிடையாது. அரசமைப்பின் 239-வது பிரிவின்படி இங்கே நிர்வாகம் நடப்பது ஜனாதிபதியின் பெயரில். லெப்டினன்ட் கவர்னரை நியமிப்பவரும் அவரே. 240-வது பிரிவு அதற்கும் மேலே போகிறது. அந்தமான் நிகோபாருக்கு ஜனாதிபதி ஒழுங்குமுறைகள் பிறப்பிக்கலாம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே இந்தத் தீவுகளைப் பொறுத்தவரை திருத்தவும் நீக்கவும் அந்த ஒழுங்குமுறைக்குச் சக்தி உண்டு. அவையில் விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. டெல்லியில் எழுதி, அமைச்சரவை ஆலோசனையாக மேலே போய், கையெழுத்தாகி, கெஜட்டில் வந்துவிட்டால் முடிந்தது.

அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்கும் ஒருவர் கார் நிகோபாரிலும் வியாபாரம் செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டிரைபல் பாஸ், பிறகு உரிமம். இடம் வாங்கலாமா என்றால், பழங்குடி ஒதுக்குப் பகுதியில் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நிலம் கைமாறாது. இத்தனைக்கும் வேர் 1956-ம் ஆண்டின் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை. அது நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் அல்ல, ராஜேந்திர பிரசாத் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் பிறப்பிக்கப்பட்டது. 2012-ல் அதைத் திருத்தி ஜரவா பகுதியைச் சுற்றி இடைவெளி மண்டலம் ஏற்படுத்தியதும் தண்டனையைக் கூட்டியதும் அதே வழியில்தான். நம் நிலப் பட்டாவுக்கு அடிப்படையான 1966-ன் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறையும் இந்த வகையே. கடைக்காரருக்கு இது தடை, நிகோபாரிக்கு இது காவல். உரிமை என்ற சொல்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பாருங்கள்.

இந்த அதிகாரம் நல்லதற்கு மட்டும் பயன்படும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2021-ல் லட்சத்தீவில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை சிறையில் வைக்க வழி செய்யும் ஒரு வரைவு, இரண்டு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் பஞ்சாயத்தில் நிற்க முடியாது என்ற ஒரு வரைவு, நிலத்தை வளர்ச்சித் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ள இன்னொரு வரைவு என்று வரிசையாக வந்தன. எல்லாம் ஒழுங்குமுறை வரைவுகள், எல்லாவற்றின் பயணமும் ஜனாதிபதியின் மேசையை நோக்கி. தீவுக்காரர்கள் வீட்டு வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேரளச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அண்டை மாநிலச் சட்டமன்றம் பேசியதே தவிர, லட்சத்தீவுக்குப் பேச அதற்கென்று ஒரு சட்டமன்றம் இல்லை. நம் நிலைமையும் அதுவே.

ஜனாதிபதி அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர், அவரைக் குறை சொல்லி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1978-ன் 44-வது திருத்தத்துக்குப் பிறகு, எந்த ஆலோசனையையும் ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்ப அவருக்கு உரிமை உண்டு. மறுபடியும் அதே ஆலோசனை வந்தால் ஏற்றே ஆக வேண்டும். நாடாளுமன்ற மசோதா என்றால் 111-வது பிரிவின்படி திருப்பி அனுப்பலாம், எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவில் எழுதவில்லை. கருணை மனு, அவசரச் சட்டம், நெருக்கடி நிலைப் பிரகடனம் எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. அந்த ஒருமுறை மறுப்பு சின்ன அதிகாரம்தான். ஆனால் சட்டமன்றம் இல்லாத ஊருக்குக் கோர்ட்டுக்கு முன்னால் இருக்கும் ஒரே நிறுத்தம் அதுதான்.

கோர்ட்டு என்றதும், 2023 ஆகஸ்டில் நடந்ததை இங்கே எல்லோரும் பேசினார்கள். தினக்கூலி மஸ்தூர்கள் தொடர்பான உத்தரவை நிறைவேற்றவில்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் சர்க்யூட் பெஞ்ச் தலைமைச் செயலரை இடைநீக்கம் செய்தது, லெப்டினன்ட் கவர்னருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே விஷயமல்ல. ஒரு மஸ்தூரின் கூலிக் கேள்வி, நடுவில் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் ஆள்கூட இல்லாமல் நேரே மேலிடத்தைத் தொட்டது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுக் கணக்கு

ஒரே ஓட்டுதானே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஜனாதிபதி தேர்தலில் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. 2022-ல் எம்.பி. ஓட்டின் மதிப்பு 700. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. இந்தக் கணக்கு இன்னும் 1971 மக்கள்தொகையை வைத்தே போடப்படுகிறது. தமிழ்நாட்டின் 57 எம்.பி.க்களையும் 234 எம்.எல்.ஏ.க்களையும் சேர்த்தால் 81,084. 2011 கணக்கெடுப்பின் 7.21 கோடி மக்களை அந்த எண்ணால் வகுத்தால், மதிப்பு ஒன்றுக்குச் சுமார் 890 பேர். தீவில் 3,80,581 பேருக்கு 700, அதாவது மதிப்பு ஒன்றுக்குச் சுமார் 544 பேர். ஆளுக்கு ஆள் பார்த்தால் நம் கை தமிழ்நாட்டைவிடக் கனமானது. இதை இங்கே உள்ள கட்சிக்காரர்கள் யாரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தக் கனம் தொடக்கத்திலேயே வந்துவிடவில்லை. முதல் மூன்று மக்களவைகளிலும் அந்தமான் நிகோபார் உறுப்பினரை ஜனாதிபதியே நியமித்தார். 1952-ல் வந்தவர் நிகோபாரிகளின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். நியமன உறுப்பினர்களுக்கு ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு இல்லை. ஆகவே 1952, 1957, 1962 மூன்று தேர்தல்களிலும் தீவுகளின் பங்கு பூஜ்ஜியம். 1965-ல் வந்த ஒரு சட்டத்தால்தான் யூனியன் பிரதேசங்களுக்கு நேரடித் தேர்தல் கிடைத்தது. 1967-ல் காங்கிரஸின் கே.ஆர். கணேஷ் ஜெயித்து டெல்லி போனார். போன சில வாரங்களிலேயே அவர் முன்னால் ஒரு ஜனாதிபதி தேர்தல். தனிமனித உரிமையை மையமாக வைத்து இந்தியா கண்ட முதல் ஜனாதிபதி போட்டி அதுதான்.

ஒரு நீதிபதி, ஒரு கல்வியாளர்

1967 பிப்ரவரி 27 அன்று கோலக்நாத் வழக்கில் தீர்ப்பு வந்தது. அடிப்படை உரிமைகளைக் குறைக்கவோ பறிக்கவோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 6-க்கு 5 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி கே. சுப்பா ராவ். ஏப்ரலில், வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் அடக்கம், பாஸ்போர்ட்டை அதிகாரி தன் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்று இன்னொரு பெரும்பான்மைத் தீர்ப்பு. அடுத்த நாளே பதவியை விட்டார், எதிர்க்கட்சிகளின் ஜனாதிபதி வேட்பாளரானார். எதிரே காங்கிரஸ் நிறுத்திய ஜாகிர் உசேன். குடியரசுத் துணைத் தலைவர், ஜாமியா மில்லியாவைக் கட்டி வளர்த்தவர்.

உரிமை ஒன்றையே பார்ப்பவருக்கு இந்தப் போட்டியில் விடை சுலபம் என்று தோன்றும். சுப்பா ராவின் கணக்கேடு அவ்வளவு பளிச்சென்று இருந்தது. 1962-ல் கடக் சிங் வழக்கில், போலீஸ் ஒருவரை நிழல்போலத் தொடர்ந்து கண்காணிப்பதே சுதந்திரத்தைப் பறிப்பதுதான் என்று மாறுபட்டு எழுதியவர் அவர். 55 வருடம் கழித்து, 2017 ஆகஸ்டில் அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகள் அவர் நின்ற பக்கமே வந்து நின்றார்கள்.

கொஞ்சம் நிதானியுங்கள். கோலக்நாத் வழக்கு எதைப் பற்றியது? பஞ்சாபில் ஒரு குடும்பத்தின் சுமார் 500 ஏக்கர் நிலத்தைப் பற்றியது. நில உச்சவரம்புச் சட்டத்தால் தங்கள் சொத்துரிமை போகிறது என்பதே அவர்கள் முறையீடு. அந்தத் தீர்ப்பு நிலமில்லாத கூலிக்காரரின் கண்ணில் எப்படித் தெரிந்திருக்கும்? தீவில் இருப்பவருக்கு இது சொல்லாமலே புரியும். 1978-க்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர், பின்னால் வந்தவர் என்று ஆக்கிரமிப்பாளர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் ஊர் இது. காட்டில் இருக்கும் ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2002-ல் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்த ஊர். பட்டா இல்லாத தமிழ்க் குடும்பத்துக்கு நில உரிமை ஒரு மாதிரி, ஜரவாவுக்கு இன்னொரு மாதிரி. வேட்பாளர் உரிமையைக் காத்தார் என்று யாராவது சொன்னால், யாருடைய உரிமையை, யாருக்கு எதிராக என்று உடனே கேளுங்கள். கேட்ட பிறகும் சுப்பா ராவ் பக்கம் நிற்க நிறைய நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். பாஸ்போர்ட்டும் போலீஸ் கண்காணிப்பும் ஏழைக்கும் பணக்காரருக்கும் பொது. ஆனால் தலைமை நீதிபதி நாற்காலியிலிருந்து நேராக அரசியல் களத்துக்கு வந்தது அவர் தீர்ப்புகளின் மீதே சந்தேகத்தைக் கிளப்பியது. அந்தக் குறையையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

மே 6-ல் வாக்கெடுப்பு. ஜாகிர் உசேனுக்கு 4,71,244, சுப்பா ராவுக்கு 3,63,971. தீவின் முதல் ஓட்டு எந்தப் பக்கம் விழுந்தது என்பது பெட்டிக்குள் போன ரகசியம்.

கன்னாவும் ஜைல் சிங்கும்

இரண்டாவது உதாரணம்தான் இந்த அத்தியாயத்தின் முதுகெலும்பு. அதற்கு முன்னால் 1975-ஐ ஒரு பார்வை பார்த்துவிடுவோம். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். இரண்டே நாளில் இன்னோர் உத்தரவு: உயிரும் சுதந்திரமும் பறிபோனால் நீதிமன்றம் போகும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. 1976 ஏப்ரல் 28 அன்று, அந்த உத்தரவு இருக்கும்வரை ஆட்கொணர்வு மனு செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஐந்தாமவர் எச்.ஆர். கன்னா மட்டும் முடியாது என்று எழுதினார். 1977 ஜனவரியில் அவருக்கு இளையவரான எம்.எச். பெக்கைத் தலைமை நீதிபதியாக்கினார்கள், கன்னா ராஜினாமா செய்தார்.

1982 ஜூலையில் அதே கன்னா எதிர்க்கட்சிகளின் ஜனாதிபதி வேட்பாளர். காங்கிரஸ் வேட்பாளர் கியானி ஜைல் சிங், அதுவரை உள்துறை அமைச்சர். அவர் அந்தத் துறையில் இருந்தபோதுதான் 1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தடுப்புக்காவலுக்கு இன்றைக்கும் எடுத்து வீசப்படும் அதே சட்டம். தலைவி இந்திரா காந்தி சொன்னால் துடைப்பம் எடுத்துப் பெருக்கவும் தயார் என்ற பொருளில் அவர் பேசியது நாடெங்கும் கேலியாகியிருந்தது. ஒரு பக்கம் தனக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவியைப் பணயம் வைத்து விசாரணையற்ற சிறையை எதிர்த்தவர், இன்னொரு பக்கம் விசாரணையற்ற சிறைக்குச் சட்டம் தந்த அமைச்சகத்தின் தலைவர். இதைவிடத் தெளிவான தேர்வு இந்திய வரலாற்றில் இல்லை. முடிவு 7,54,113-க்கு 2,82,685. கன்னா தோற்றார்.

கதை அங்கே முடிந்திருந்தால் இந்த வழிகாட்டிக்கு வேலை எளிதாகியிருக்கும். 1986-ல் நாடாளுமன்றம் இந்தியத் தபால் அலுவலகத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. தபாலை இடைமறித்துப் பார்க்க 1898-ன் பழைய சட்டத்திலேயே அரசுக்கு வழி இருந்தது, மசோதா அந்த வழியை அகலமாக்கியது. ஜைல் சிங் கையெழுத்துப் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. 1987 ஜூலையில் பதவிக்காலம் முடியும்வரை அப்படியே மேசையில் வைத்திருந்தார். பிரதமர் ராஜீவ் காந்தியோடு அவருக்கு இருந்த கசப்பு ஊரறிந்தது. உரிமைப் பற்றால் செய்தாரா கோபத்தால் செய்தாரா என்று அப்போதும் கேட்டார்கள். அடுத்து வந்த ஆர். வெங்கட்ராமன், நம் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்துக்காரர், 1990 ஜனவரியில் மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 2002-ல் அது திரும்பப் பெறப்பட்டது. துடைப்பம் என்று கேலி செய்யப்பட்டவரின் பிடிவாதத்தால் இந்தியரின் கடிதம் பல வருடம் தப்பித்தது.

பழைய கணக்கேடு பொய் சொல்லும் என்று இதிலிருந்து முடிவுகட்டாதீர்கள். ஜைல் சிங்கின் ஐந்தாண்டில் 1985-ன் தடாச் சட்டத்துக்கும் ஒப்புதல் போயிருக்கிறது. கணக்கேடு பெரும்பாலும் சரியாகவே சொன்னது, ஓரிடத்தில் தவறியது. பதவி சில சமயம் ஆளை மாற்றும், அந்தச் சில சமயத்தை நம்பி ஓட்டுப் போட முடியாது என்பதே என் கட்சி.

தபாலுக்கு ஒரு பின்கதை உண்டு. 2023-ல் புதிய தபால் அலுவலகச் சட்டம் வந்தது. அதன் 9-வது பிரிவு இடைமறிக்கும் அதிகாரத்தை நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு தொடங்கி எந்தச் சட்டத்தை மீறினாலும் என்பது வரை நீட்டுகிறது. மக்களவையில் டிசம்பர் 18 அன்று நிறைவேறியது, டிசம்பர் 24 அன்று ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. இரண்டு ஜனாதிபதிகள் தடுத்த விஷயம் ஆறு நாளில் முடிந்தது. மெயின்லேண்டுக்குப் பார்சல் போடுகிறவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிறப்பா, கையெழுத்தா?

2022-ல் திரௌபதி முர்மு, யஷ்வந்த் சின்ஹா. தொலைக்காட்சிகள் முழுக்க முர்முவின் சந்தால் பிறப்பைப் பற்றியே பேசின. 2017-ல் ராம்நாத் கோவிந்தும் மீரா குமாரும் நின்றபோது இருவரின் சாதியைப் பற்றி மட்டுமே பேசினார்கள், மீரா குமாரே அதை வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார். இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் வரும் என்று பார்க்க 2002 போதும். ராமேசுவரத்து அப்துல் கலாமும், சென்னையில் வளர்ந்த, நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமி சாகலும் நின்றார்கள். நேதாஜி கொடியேற்றிய ஊரில் இருக்கும் தமிழன் எந்த ‘நம்மாளை’ எடுப்பான்?

பிறப்பை ஓரமாக வைத்துவிட்டு 2022 வேட்பாளர்களின் பேனாவை மட்டும் பாருங்கள். முர்மு ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்தபோது, 2017-ல், பழங்குடிகளின் நிலத்தைக் காக்கும் சோட்டாநாக்பூர், சந்தால் பர்கனா குத்தகைச் சட்டங்களைத் தளர்த்தும் மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். அனுப்பியது தன் சொந்தக் கட்சியின் அரசுக்கு. அதே ஆண்டில் மதமாற்றத்துக்கு நிர்வாகத்தின் முன் அனுமதியும் அறிவிப்பும் கேட்கும் ஜார்க்கண்ட் மதச் சுதந்திரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். சின்ஹா 2002-ல் பொடாச் சட்டத்தைக் கொண்டுவந்த வாஜ்பாய் அமைச்சரவையில் இருந்தவர். 2020 ஜனவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக மும்பையிலிருந்து டெல்லிக்கு யாத்திரை போனவரும் அவரே. ஒருவர் பதவியில் இருந்தபோது சிலதைத் தடுத்தார், சிலதை விட்டார். மற்றவர் பதவியில் இருந்தபோது பேசாமல் இருந்துவிட்டுப் பதவி போன பிறகு பேசினார். பதவியில் இருந்தபோது செய்ததற்கே நான் கூடுதல் எடை போடுவேன், அது யாருக்குச் சாதகமானாலும். தீவுக்காரருக்கு அந்தக் குத்தகை மசோதாக்கள் தனியாகவே முக்கியம். பழங்குடி நிலத்தைக் காக்கும் ஒரு சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி மேசைக்கு வந்தால் இவர் என்ன செய்வார் என்ற நம் கேள்விக்கு நேரான விடை அங்கே கிடந்தது. அதைப் பற்றித்தான் தொலைக்காட்சியில் மிகக் குறைவாகப் பேசினார்கள்.

அந்தக் கேள்வி கற்பனையல்ல. 2022 நவம்பரில் லிட்டில் நிகோபார், கிரேட் நிகோபார் பழங்குடி மன்றம், தங்கள் தீவில் வரவிருந்த அரசின் பெருந்திட்டத்துக்கு மூன்று மாதம் முன்னால் கொடுத்திருந்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. பிறகு முன்னாள் அதிகாரிகள் சிலர் தலையிடச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் எழுதியது ஜனாதிபதிக்கு.

கணக்கேட்டை எங்கே தேடுவது என்றால், வேட்பாளர் இருந்த பதவியைப் பொறுத்தது. எம்.பி.யாகவோ அமைச்சராகவோ இருந்தவர் என்றால் நாடாளுமன்ற இணையதளத்தில் விவாதங்கள் முழுக்க இருக்கின்றன; தடா, பொடா, உபா போன்ற பெயரைப் போட்டுத் தேடி, அன்று அவர் என்ன பேசினார், பேசினாரா என்று பாருங்கள். ஆளுநராக இருந்தவர் என்றால் அந்த மாநிலப் பத்திரிகைகளில் எந்த மசோதாவைத் திருப்பினார் என்ற செய்தி கிடைக்கும். நீதிபதி என்றால் மாறுபட்ட தீர்ப்புகளை முதலில் படியுங்கள். நம்மூர் டெய்லி டெலிகிராம்ஸ் நிர்வாகம் நடத்தும் நாளேடு, அதில் அறிவிப்பு கிடைக்கும், அலசல் கிடைக்காது. வேட்பாளரைப் பாராட்டிக் கட்சி விடும் வாழ்க்கைக் குறிப்பில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஏழ்மையில் படித்தது, வெறுங்காலோடு பள்ளிக்குப் போனது எல்லாம் மரியாதைக்குரியவை. மேசைக்கு ஒரு தடுப்புக்காவல் மசோதா வரும்போது என்ன செய்வார் என்று அவை சொல்வதில்லை.

எம்.பி.யிடம் கேட்பது

காட்சாலில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேறிய குடும்பங்களுக்கு மலையகத்தில் இன்னும் சொந்தம் உண்டு. ஹட்டனில் இருக்கும் அத்தை மகன் 1982 முதல் இலங்கை ஜனாதிபதிக்கு நேராக ஓட்டுப் போடுகிறார், மூன்று விருப்பம்வரை எழுதலாம். 2024-ல் முதல் முறையாக அங்கே இரண்டாம் சுற்று எண்ணிக்கைக்குப் போனார்கள். நம் முறையிலும் விருப்ப வரிசை உண்டு, ஆனால் எழுதுவது நம் கை அல்ல, எம்.பி.யின் கை. 1969-ல் வி.வி. கிரி இரண்டாம் விருப்ப ஓட்டுகளால்தான் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தாண்டினார். மூன்று பேர் நின்றால் இரண்டாவது இடம் யாருக்கு என்பதையும் எம்.பி.யிடம் கேளுங்கள்.

முக்கியமான விஷயம், ஜனாதிபதி தேர்தலில் கொறடா உத்தரவு செல்லாது. கட்சி வேண்டுகோள் விடுக்கலாம், மீறினால் பதவி பறிக்க முடியாது. 1969-ல் இந்திரா காந்தி தன் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளருக்கு எதிராகவே மனசாட்சி ஓட்டுக் கேட்டது இந்த இடைவெளியில்தான். ‘கட்சி சொன்னதைத்தான் செய்ய முடியும்’ என்று உங்கள் எம்.பி. சொன்னால், அது அவருடைய முடிவு, சட்டத்தின் கட்டாயம் இல்லை என்று மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். ஓட்டு ரகசியம் என்பதால் சொன்னபடி போட்டாரா என்று பிறகு சரிபார்க்க வழியில்லை. அதனால் வாக்குறுதியைக் கேட்பதைவிடக் காரணத்தைக் கேட்பது நல்லது. இந்த வேட்பாளர் எந்த மசோதாவைத் தடுத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? 240-வது பிரிவின் கீழ் தீவுக்கு ஓர் ஒழுங்குமுறை வந்தால், அது கையெழுத்தாகுமுன் எங்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று அவரிடம் பேசுவீர்களா? தடுப்புக்காவல் பற்றி அவர் நிலைப்பாடு என்ன? இப்படிக் கேட்டால் எம்.பி. பதில் சொல்வதற்காகவாவது படிக்க வேண்டிவரும்.

எம்.பி. கேட்பாரா என்ற சந்தேகம் நியாயமானது. 2019-ல் இந்தத் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 1,407 ஓட்டு. தமிழ்ப் பேச்சாளர்கள் மட்டும் 2011 கணக்கில் ஐம்பதாயிரத்துக்கு மேல். கையெழுத்துகளோடு வரும் கடிதத்தை இந்த ஊர் எம்.பி. ஒதுக்கிவைப்பது சிரமம். தமிழ்ச் சங்கத்தின் பெயரில் மட்டும் அனுப்பாமல், வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள், முடிந்தால் நிகோபாரி மன்றத்தாரின் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமைக் கோரிக்கை ஒரே மொழிக்காரர்களிடமிருந்து வந்தால் அது ஜாதிச் சங்க மனுவாகிவிடும்.

முர்மு 2022 ஜூலை 25-ல் பதவி ஏற்றார். அடுத்த தேர்தல் 2027 ஜூலை 24-க்குள் முடிய வேண்டும், மக்களவைத் தேர்தலோ 2029-ல்தான். ஆகவே 2027-ல் நம் சார்பில் ஓட்டுப் போடப்போகிறவர் 2024-ல் நாம் அனுப்பிய பிஷ்ணு பத ராய். புதிய எம்.பி. வரட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். அவகாசமும் குறைவு. 2022-ல் இரண்டு பெரிய வேட்பாளர்களும் ஜூன் 21 அன்று அறிவிக்கப்பட்டார்கள், ஜூலை 18 அன்று வாக்கெடுப்பு. நான்கு வாரம்கூட இல்லை, அதுவும் மழைக்காலம். ரங்கத், மாயாபந்தர் கையெழுத்துகள் படகிலும் பஸ்ஸிலும் வந்து சேர வேண்டும். எனவே பொதுவான கேள்விகளை வைத்து முதல் கடிதத்தை 2027 தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். பெயர்கள் வந்த பிறகு, அந்த ஆட்களின் கணக்கேட்டோடு இரண்டாவது கடிதம். வாக்கெடுப்பு நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத் தலைமையகங்களிலும் மட்டுமே நடக்கும், போர்ட் பிளேரில் பூத் கிடையாது. எம்.பி. டெல்லிக்கு விமானம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் இரண்டாவது கடிதம் அவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும், நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.